இடதுகால் சத்தம்

இன்று காலை துவைக்கப் போடலாம் என்று அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தேன். பையில் ஏதோ தட்டுப்பட்டது. என் கைக்குட்டை, நாலு மூலையும் சேர்த்து முடிச்சுப் போட்டபடி இருந்தது. அவிழ்த்தால் உள்ளே இரண்டு துண்டுத் துணி, பச்சை நிறம், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. உன் கண்ணில் பட்டிருந்தால் முதலில் கத்தரியை எடுத்து அந்த நூலை வெட்டிவிட்டுத்தான் இது என்ன துணி என்றே கேட்டிருப்பாய்.

இது நம் எஸ்தரின் தோளில் இருந்த துணி. ராணுவக் கல்லூரியில் பயிற்சி முடிகிற நாளில் பிள்ளைகளின் இரண்டு தோளிலும் நட்சத்திரம் வைத்து, அதை இப்படி ஒரு துணியால் மூடியிருப்பார்கள். அணிவகுப்பு முடிந்ததும் பெற்றவர்கள் வந்து துணியை எடுக்க வேண்டும். ஒரு தோளுக்கு அப்பா, இன்னொரு தோளுக்கு அம்மா. அதற்குப் பிறகுதான் பிள்ளை அதிகாரி. இதெல்லாம் எனக்கு நீ சொன்னதுதான். உனக்கு எஸ்தர் சொன்னது. யாருக்கு எந்தத் தோள் என்றுகூட அம்மாவும் மகளும் போனிலேயே முடிவு செய்துவிட்டீர்கள். உனக்கு இடது தோள்.

சட்டையைத் துவைக்காமல் மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எஸ்தருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கோயில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பாளே தவிர, பாடுவது மனப்பாடத்தில்தான். அதனால் தைரியமாக எழுதலாம். உன்னிடம் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது, அதில் பாதி எனக்கு வெட்கம் தருகிற விஷயம்.

உன் காது எனக்கு என்றைக்கும் ஆச்சரியம்தான். நம் அறை வாசலை ஒட்டியே மேல்மாடிக்குப் போகும் இரும்பு ஏணி. தாராவியில் யார் வாசலில்தான் அப்படி ஒன்று இல்லை. மேலே சட்டை தைக்கும் பட்டறை, ஏழெட்டுப் பேர் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். நீ கீழே காலை நீட்டி உட்கார்ந்து அவர்கள் தைத்துப் போடும் சட்டைகளுக்கு நூல் வெட்டிக்கொண்டிருப்பாய். கண் துணியை விட்டு நகராது. நகர்ந்தால் கத்தரி துணியில் பாய்ந்துவிடும். அதனால் வாசலைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் காதிடம் கொடுத்துவிட்டாய்.

"அது சலீமு. டீ வாங்கிட்டு வாரான்."

"எப்பிடிளா சொல்லுத?"

"ஒரு கையிதான் கம்பியப் புடிக்கி. கேக்கலியா உங்களுக்கு?"

எனக்கு எங்கே கேட்கும். முப்பது வருஷமாக ரெக்சின் பை தைக்கிற கார்கானாவில் மிஷின் ஓட்டுகிற காது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நானும் ஊகித்துச் சொல்வேன். பத்துக்கு எட்டு தப்பு. "தப்பு" என்று நீ தலை நிமிராமல் சொல்வதில் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பட்டறை மொதலாளியப் போயி தண்ணி கேன் போடுதவன்னு சொல்லுதியளே" என்று தோள் குலுங்கச் சிரிப்பாய். அபூர்வமாகச் சரியாகச் சொல்லிவிட்டால் "சரி" என்று மட்டும் சொல்வாய். அந்த ஒரு "சரி"க்காக நான் தூக்கத்தை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுண்டு.

எஸ்தர் சந்துக்குள் வந்தால் மட்டும் எனக்கும் தெரியும். சாக்கடை மூடிய கல்பலகைகளின் மேல் வலது கால் சாதாரணமாக விழும். இடது கால் விழுந்து, ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் எழும். அதற்கு நாம் இருவரும்தான் காரணம். மாஹிம் கடையில் ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிச் செருப்பு வாங்கும்போது, "வளருத பிள்ள, ஒரு சைஸ் கூட எடுங்க" என்பாய். நானும் தலையாட்டுவேன். இடது பாதம் அவளுக்கு வலதைவிடக் கொஞ்சம் சின்னது. கழன்றுவிடாமல் இருக்க விரலை மடக்கி, இழுத்து இழுத்து நடந்து பழகியவள், சரியான அளவில் ஷூ போடுகிற வயது வந்த பிறகும் அப்படியே நடந்தாள். நான் அதைச் சொல்லிக் கேலி செய்வேன். நீ செய்யமாட்டாய். சந்து முனையில் அந்தத் தேய்ப்புக் கேட்டதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாய்.

அவள் ராணுவத்துக்குத் தேர்வாகிவிட்டேன் என்று வந்து நின்ற நாளை நீ மறந்திருக்கமாட்டாய். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோதே ஏதோ விளையாட்டு என்று விட்டது என் தப்பு என்று கத்தினேன். பாங்க் பரீட்சை எழுதச் சொன்னால் துப்பாக்கி தூக்கப் போகிறாளாம், நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான் என்று நான் கேட்டதை இப்போது எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. நீ ஒன்றும் வாதாடவில்லை. சட்டையை உதறி நூலைத் தட்டிவிட்டு, "பரேடு பாக்க நான் போவேன். நீங்க வந்தா வாங்க" என்றாய். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

சென்னையில் அந்தக் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து ஒரு சின்ன வீடியோ அனுப்பினாள். மைதானத்தில் நாற்பது ஐம்பது பேர் நடக்கிறார்கள். என் போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு நீ அதைத் திரும்பத் திரும்பப் போட்டாய். பார்க்கவில்லை, கேட்டாய்.

"இதுல நம்ம பிள்ள இல்ல."

அவளைக் கூப்பிட்டுக் கேட்டால் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அம்மா, நான்தான்ம்மா! மூணாவது லைன்ல இருக்கேன். உஸ்தாத் என் காலை பூரா டீக் பண்ணிட்டாரு. இப்ப எல்லாரும் ஒரே சத்தம்தான்." உஸ்தாத் என்றால் அணிவகுப்புச் சொல்லித் தருகிறவர், டீக் என்றால் சரிசெய்வது. அவள் பெருமையாகத்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டு நீ கத்தரியைக் கையில் எடுத்தாய்.

"பிள்ள நடைய எடுத்துட்டானுவளே."

நான் ஆறுதல் சொல்லாமல், இதுக்குத்தான் அன்றைக்கே சொன்னேன் என்று ஆரம்பித்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். "வீட்டுக்கு வந்தா நடையும் வந்துரும். நீங்க பேசாம இரிங்க."

அதற்குப் பிறகு மழைக்காலம். காய்ச்சல் என்று படுத்தாய். ஆறாம் நாள் நீ இல்லை. அதை இதற்கு மேல் எழுத வரவில்லை.

எஸ்தர் மூன்று நாள் விடுப்பில் வந்தாள். மூன்றாம் நாள் அவள் பையை அடுக்கும்போது நான் வாசலில் நின்றுகொண்டு சொன்னதை உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் இந்த மடலே. "போகாத. எனக்கு இங்க யாரு இருக்கா?" என்று கேட்டிருந்தால் அது உண்மை. நான் அப்படிக் கேட்கவில்லை. "அம்மையப் பொதைச்ச மண்ணு காயல, அதுக்குள்ள கெளம்பியாச்சு. போறதுன்னா திரும்பி வராத" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். சந்தில் அவள் நடை கேட்டது. ராணுவ நடை இல்லை, அந்தப் பழைய நடைதான், இழுத்து இழுத்து. கேட்டும் நான் கூப்பிடவில்லை.

அதன் பிறகு அவள் கூப்பிட்டால் எடுப்பேன், எடுக்காமலும் விடுவேன். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, இருக்கு. அதற்கு மேல் இருவருக்கும் வரவில்லை. எல்லாப் பேச்சும் உன் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது என்பது நீ போன பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்பா, பரேடுக்கு யார் வர்றாங்கன்னு கேக்குறாங்க. ரெண்டு ஷோல்டருக்கும் ஆள் சொல்லணும்."

"நான் வரல. அங்க யாரையாவது செய்யச் சொல்லு."

"ஓகேப்பா," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் இறங்கியிருப்பேனோ என்னவோ.

ஆனாலும் தபாலில் இரண்டு பாஸ் வந்தது. சேர்ந்த புதிதில் எழுதிக் கொடுத்த பெயர்கள்போல. ஒன்றில் என் பெயர். இன்னொன்றில் உன் பெயர், அழகாக, ஆங்கிலத்தில் அச்சடித்து. கார்கானா வேலை முடிந்து வந்தால் தினமும் அந்த இரண்டையும் எடுத்துப் பார்ப்பேன். எனக்கு வீம்பு அதிகம் என்று உனக்குத் தெரியும். அந்த வீம்பு என் பெயர் போட்ட பாஸிடம் நன்றாகச் செல்லுபடியானது. உன் பெயர் போட்ட பாஸிடம் செல்லவில்லை. நீ போவேன் என்று சொன்ன ஆள். உன்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் எப்படி.

அவளிடம் சொல்லாமல்தான் ரயில் ஏறினேன். சென்னையில் இறங்கி ஆட்டோக்காரரிடம் இடம் சொன்னால், "எந்த ஊருண்ணே, தமிழ் ஒரு தினுசா இருக்கே?" என்கிறார். தாராவியில் மதராஸி, சென்னையில் பம்பாய்க்காரன். நீ கூட இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் சிரித்திருப்போம். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

விடிந்ததும் விடியாததுமாகக் கல்லூரி வாசலில் வரிசை. காவலுக்கு நின்ற சிப்பாய் இரண்டு பாஸையும் வாங்கிப் பார்த்துவிட்டு மேடம் எங்கே என்று இந்தியில் கேட்டார். பின்னால் வருகிறாள் என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. ஒரு பொய் சொல்லிவிட்டால் அடுத்தது சுலபம். உள்ளே நாற்காலி வரிசையில் ஓர் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையை விரித்துப் போட்டேன்.

நீ சிரிப்பாய். லோக்கல் ரயிலில் நான் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை வீசி உனக்கு இடம் பிடித்தது எத்தனை தடவை. பெண்கள் பெட்டியில் ஏறிக்கொள்கிறேன் என்றால் விடமாட்டேன். அந்தப் பழக்கம்தான், வேறொன்றும் யோசித்துச் செய்யவில்லை. போட்ட பிறகு எடுக்க மனம் வரவில்லை.

கூட்டம் நிறைந்துவிட்டது. ஹரியானாப் பக்கத்து அம்மா ஒருவர், நல்ல உயரம், முக்காடு போட்டவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இந்தியில், "அண்ணா, இங்கே யாராவது வருகிறார்களா?" என்று கேட்டார்.

"ஆ ரஹி ஹை," என்றேன். வந்துகொண்டிருக்கிறாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் பின்னால் போய்த் தூணோரம் நின்றார். அவர் நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கைக்குட்டையை எடுக்கவில்லை. சிப்பாய் வந்து ஒரு தடவை கேட்டார், அவரிடமும் அதே பதில்.

பிறகு பாண்டு வாத்தியம் தொடங்கியது. வந்தார்கள். நீ போனில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. நூற்றுக்கணக்கான பூட்ஸ், ஒரே சத்தம். தரை வழியாக வந்து நாற்காலியின் இரும்புக் காலில் ஏறி நம் எலும்பில் கேட்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே பச்சை உடுப்பு, தொப்பி விளிம்பு புருவத்தை மறைக்கிறது, எல்லோர் முகவாயும் ஒரே அளவில் தூக்கியிருக்கிறது. கை ஒரே உயரத்துக்குப் போய் ஒரே நேரத்தில் இறங்குகிறது. என் மகளைக் காணோம்.

நான் அந்த மைதானத்தில் தேடினேன் பார், அப்படி எதையும் என் வாழ்நாளில் தேடியதில்லை. பெற்ற பிள்ளை, இருபத்துமூன்று வருஷம் ஒரே அறையில் வளர்ந்தவள், அவளை நூறடி தூரத்தில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சுற்றிலும் எல்லோரும் அதோ எங்கள் பிள்ளை, அதோ எங்கள் பிள்ளை என்று கையை நீட்டுகிறார்கள். நான் மட்டும் திருவிழாவில் குழந்தையைத் தொலைத்தவன் போல உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். நானும் மூடிப் பார்த்தேன். ஒரே சத்தம்தான். அதில் தேய்ப்பே இல்லை. இருந்திருந்தால் உஸ்தாதின் வேலை பாழ்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாவது வரிசையில் ஓரத்திலிருந்து நாலாவது. அந்தக் கன்னம், அந்தக் கழுத்து, சந்தேகமே இல்லை. பக்கத்திலிருந்தவரிடம், "வோ மேரி பேட்டி" என்று காட்டினேன். அதோ என் மகள். அவரும் கை குலுக்கினார். அதன் பிறகு ஒரு மணி நேரம் நான் வேறு யாரையும் பார்க்கவில்லை. அவள் கை வீசினால் என் கை துடித்தது. வெயில் ஏறி அவள் கழுத்து வியர்த்ததும் எனக்குத் தாகம் எடுத்தது. காலியாக இருந்த உன் நாற்காலியின் பக்கம் சாய்ந்து, "பாத்தியாளா, எப்பிடி நடக்கா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். முடிவில் எல்லோரும் மெதுநடையில் வந்து படியேறி உள்ளே போனார்கள். கடைசி அடி என்கிறார்கள் அதை. அதைத் தாண்டிவிட்டால் மாணவர் இல்லை. அவள் அந்தப் படியில் கால் வைத்தபோது அழுதேன். நீ போனபோதுகூட அத்தனை அழவில்லை. அப்போது நான் கோபமாக இருந்தேன்.

பிறகு பெற்றவர்களை மைதானத்துக்குள் விட்டார்கள். பிள்ளைகள் கலைந்து வந்து அங்கங்கே நிற்க, குடும்பங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டன. நான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு நேராக அவளைப் பார்த்து நடந்தேன். முதுகு காட்டி நின்றிருந்தாள். அந்தக் கூட்டச் சத்தத்தில் சாதாரணக் குரல் எடுபடாது. கார்கானாவில் மிஷினுக்கு மேல் கத்துகிற குரலில் கத்தினேன்.

"ஏட்டி எஸ்தரு!"

திரும்பினாள். அது எஸ்தர் இல்லை.

நல்ல பிள்ளை, பூனைக்கண், யாரோ பெற்ற மகள். என்னைப் பார்த்து ஒன்றும் புரியாமல் மரியாதையாகப் புன்னகை செய்தாள். ஒரு மணி நேரம் நான் அவளுக்காக அழுதிருக்கிறேன், அவளுக்குத் தெரியாது. அவளுடைய அம்மா அந்தப் பக்கமிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். யார் என்கிறாய்? நான் நாற்காலி கொடுக்காமல் நிற்கவைத்த அதே அம்மா. வேறு யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டவில்லை. என் பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

"அண்ணா, உங்கள் வீட்டம்மா இன்னும் வரவில்லையா?"

நீ போன பிறகு, நீ இல்லை என்ற வார்த்தையை நான் வாயால் சொன்னதே இல்லை, தெரியுமா. ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் சொன்னார்கள், கோயிலில் பாதிரி ஐயர் சொன்னார். நான் எல்லோரிடமும் ஒரு தலையாட்டல், ஒரு கைவிரிப்பு, அவ்வளவில் தப்பித்துவந்தேன். அந்த அம்மா ஒன்றரை மணி நேரம் நின்ற காலோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுபடி பொய் சொல்ல முடியவில்லை.

"வோ நஹீ ரஹீ," என்றேன். அவள் இல்லை. "நான்தான் இடம் போட்டு வைத்திருந்தேன்."

அவர் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்குப் பின்னால், சிமெண்ட் தரையில், நூறு பேர் நடக்கிற சத்தத்துக்கு நடுவில், ஒரு கால் விழுந்தது. இன்னொரு கால் விழுந்து, ஒரு தேய்ப்புத் தேய்த்து எழுந்தது. மறுபடி. மறுபடி. பூட்ஸின் இரும்பு லாடம் தரையில் உரசுகிற சத்தம். ஓடி வருகிறாள். உஸ்தாத் ஒரு வருஷம் பாடுபட்டுத் திருத்திய கால், நான் போட்ட ஒரு கூச்சலில் பழையபடி ஆகிவிட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். என் காது, மிஷின் ஓட்டிப் பாதி செத்த காது, தப்பே இல்லாமல் சொன்னது. திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசியமே இருக்கவில்லை.

"அப்பா."

இரண்டு தோளிலும் துணி மூடியபடியே இருந்தது. யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லியிருந்ததால் அவளுடைய பயிற்சி அதிகாரி ஒரு மேடம் துணியை எடுக்கப் பக்கத்தில் வந்திருந்தாராம். கையை உயர்த்திய நேரத்தில் என் கூச்சல் கேட்டிருக்கிறது.

"நீங்க வரலன்னு சொன்னீங்கள்ள?"

"அம்மைக்கு பாஸ் வந்திருந்துச்சே. அவ தனியா எப்பிடி வருவா."

எஸ்தர் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக நின்றாள், அவர்கள் நிற்கிற விதத்தில். நான் வலது தோள் துணியை எடுத்தேன். எத்தனையோ ஆயிரம் பைக்கு ஜிப் வைத்த விரலுக்கு, அந்தத் துண்டின் ஓரம் இரண்டாவது தடவையில்தான் பிடிபட்டது. அடியில் இரண்டு நட்சத்திரம். அதோடு எனக்கு வேலை முடிந்தது. இடது பக்கம் கைவைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. பிள்ளையை நீ அனுப்பினாய், நான் தடுத்தேன். மேடத்தைப் பார்த்தேன். எஸ்தரும் அதைக் கவனித்துவிட்டாள்.

"அது அம்மாவோடதுப்பா. நீங்கதான் எடுக்கணும்."

அவளுக்குப் பின்னால் சுற்றி, உன் பக்கத்துக்குப் போனேன். அங்கே நின்றபோது அவள் காதருகில், நான் வந்த வழியெல்லாம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு வாசல்ல நான் சொன்னது தப்புட்டி. எனக்கு யாரும் இல்லன்னு சொல்ல வந்தேன், வேற மாதிரி வந்துட்டு."

"தெரியும்ப்பா," என்றாள். நேராக முன்னால் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள், கன்னத்தில் கண்ணீர் போய்க்கொண்டிருந்தது. "அதான் அன்னிக்கு மெதுவா நடந்தேன். நீங்க கூப்பிடுவீங்கன்னு."

துணியை எடுத்தேன். இரண்டையும் கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போட்டேன். அந்த ஹரியானா அம்மா, தன் மகளின் தோளை முடித்துவிட்டு வந்து, எஸ்தரின் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார். இனிப்புக் கொடுத்தார். மைதானத்து ஓரத்தில் இரண்டு நாற்காலி கிடந்தன. ஒன்றைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டேன். தாமதம்தான், இருந்தாலும் உட்கார்ந்தார்.

எஸ்தர் பத்து நாள் விடுப்பில் இங்கே இருந்தாள். ஒரு நாள் சயானில் உன் கல்லறைக்குப் போனோம். மற்ற நாளெல்லாம் அறையில்தான். பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து சல்யூட் வைத்துவிட்டுப் போனார்கள், சலீம் டீயோடு வந்தான். அவள் இரண்டு சைஸ் பெரிதான உன் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். நீ சொன்னது சரி, நடை வந்துவிட்டது. பதினோராம் நாள் வடக்கே எங்கேயோ மலைப்பக்கம் போய்விட்டாள். இந்த முறை சந்து முனை வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வா என்று சொன்னேன், இரண்டு தடவை.

இப்போது மூன்று வாரமாக மறுபடி நான் மட்டும். கார்கானா, சோறு, படுக்கை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீளமாக இருக்கிறது. நீ உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஏணியைக் கேட்கிறேன். பேரைச் சத்தமாகச் சொல்கிறேன், பழக்கம். முன்னைவிட எனக்கு இப்போது நன்றாக வருகிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கண்ணைத் திறந்து பார்ப்பதில்லை. நாமே பார்த்துத் தெரிந்துகொண்டால் அது ஆட்டமே இல்லை. சரி என்றோ தப்பு என்றோ சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஏறுகிறார்கள். மெதுவாக, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து. பாதியில் நின்று மூச்சு வாங்குகிற சத்தம். பட்டறை முதலாளி என்று நினைக்கிறேன்.

சரியாளா?